அதே அறையிலிருந்து இரண்டாவது புகார்

கேஷியரம்மாவை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்பது அவரே அவரைப் பற்றிப் பரப்பி வைத்திருந்த செய்தி. முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் பணம் வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் அவர் இன்னும் கேஷியரம்மாதான். கள்ளநோட்டைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம், கட்டுக்குள் விரலை ஓடவிட்டாலே தெரிந்துவிடும் என்பார். ஒருமுறை நோட்டு எண்ணும் இயந்திரம் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, மேனேஜர் இயந்திரத்தை நம்ப, கடைசியில் இயந்திரத்தைத்தான் ரிப்பேருக்கு அனுப்பினார்கள். இந்தக் கதையைக் கேட்காமல் அவர் வீட்டுக்கு வந்த யாரும் எழுந்து போனது கிடையாது.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் மாட்டிக்கொண்டு அதே கதையை மூன்றாவது முறையாகக் கேட்டவர் கேஷியரம்மாவின் சம்பந்தி, அதாவது மகளுடைய மாமியார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. பெண்கள் பள்ளி ஒன்றில் பதினெட்டு வருஷம் தலைமையாசிரியை. ஊருக்கெல்லாம் ஹெச்.எம். அம்மா. தப்பு என்பது மற்றவர்கள் செய்வது, தாம் திருத்துவது என்ற ஏற்பாட்டிலேயே வாழ்ந்து பழகியவர். பதவி போன பிறகும் பச்சை மைப் பேனா கைப்பையை விட்டுப் போகவில்லை. விமானத்தில் கொடுத்த படிவத்தில் கேஷியரம்மா பிறந்த தேதியைத் தவறான கட்டத்தில் எழுதிவிட்டபோது, ஹெச்.எம். அம்மா அதே பேனாவால் ஒரு சுழி போட்டு, "இங்க எழுதணும், சம்பந்தியம்மா" என்றார். விட்டால் பத்தில் இரண்டு மதிப்பெண்கூடப் போட்டிருப்பார்.

இருவரும் கிளம்பியது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. கேஷியரம்மாவின் ஒரே மகளுக்கு வெளிநாட்டில் பிரசவம். குழந்தை திரும்பாமல் இருக்கிறது, சனிக்கிழமை காலை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். டிக்கெட் போட்டது மாப்பிள்ளை. அவன் அம்மாவுக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் வீங்கிவிடும். அதனால் பயணத்தை இரண்டாக உடைத்து, வழியில் வேறொரு நாட்டின் பெரிய ஊர் ஒன்றில் புதனும் வியாழனும் தங்க ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மதியம் அடுத்த விமானம். "ரெண்டு பேரும் ஜாலியா ஊரைச் சுத்திப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லியிருந்தான், ஏதோ பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்புகிறவன் மாதிரி.

கேஷியரம்மாவுக்கு ஊரும் வேண்டாம், சுற்றுவதும் வேண்டாம். சனிக்கிழமை மகள் கண் விழிக்கும்போது பக்கத்தில் தான் நிற்கவேண்டும். அது ஒன்றுதான் மனசில் இருந்தது. தன்னுடைய பிரசவத்தின்போது அம்மா வந்து சேர முடியாமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு ஆயாவின் பேரைச் சொல்லிக் கத்தியவர் அவர். கணவர் போய் ஏழு வருஷமாகிறது. இருக்கிறது ஒரே ஒரு பெண். "நீ கண்ண தொறக்கும்போது உன் எதிர்ல நான் நிப்பேன்" என்று போனில் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று அவருக்கே நினைவில்லை. குழந்தையை முதலில் யார் கையில் வாங்குவது என்பது பற்றி சம்பந்திகள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. பேசிக்கொள்ளாததாலேயே இருவரும் அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹெச்.எம். அம்மா ஊர் நடுவிலிருந்த சதுக்கத்துப் பக்கம் நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார். எந்த ஊரானாலும் அவருக்குக் காலையில் நடந்தாகவேண்டும். எட்டுக்கெல்லாம் வந்துவிடுவதாகச் சொன்னவர் திரும்பியபோது மணி பதினொன்று. முகம் சுண்டிப் போயிருந்தது. வந்ததும் நேராகக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் உள்ளேயே இருந்தார்.

"என்னாச்சு சம்பந்தியம்மா? இவ்ளோ நேரம்?"

"ஒண்ணுமில்ல. வழி தப்பிடுச்சு."

"சாப்பிடலாமா?"

"எனக்கு வேணாம். தலை வலிக்குது."

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வழி கேட்பதற்கே கௌரவம் பார்க்கிற மனுஷி, தெருத் தெருவாகச் சுற்றியிருப்பார் என்று கேஷியரம்மா உள்ளுக்குள் கொஞ்சம் சிரித்துக்கொண்டார். சம்பந்தி வழி தப்பியதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன்.

மதியம் பெட்டியைத் திரும்ப அடுக்கும்போதுதான் குழந்தைக்கென்று பின்னி வைத்திருந்த கம்பளித் தொப்பியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. வெறுங்கையோடு குழந்தை முகத்தில் விழிப்பதா?

"காலையில அந்தச் சதுக்கத்துப் பக்கம்தானே போனீங்க? குழந்தைங்க துணிக்கடை ஏதாவது கண்ணுல பட்டுதா?"

ஹெச்.எம். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "இருந்துது. போற எடத்துல வாங்கிக்கலாமே."

"போற எடத்துல ஏது நேரம்? ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

"அப்போ பையை ரூம்லயே வெச்சிட்டுப் போங்க. வேணுங்கிற பணத்தை மட்டும் கையில எடுத்துக்கங்க."

"ஏன்?"

ஹெச்.எம். அம்மா எழுந்து உட்கார்ந்தார். போர்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். "சும்மாதான். வெளியூரு. ஜாக்கிரதையா இருக்கணும்ல."

கேஷியரம்மாவுக்குச் சுருக்கென்றது. யாரிடம் வந்து யார் ஜாக்கிரதையைப் பற்றிப் பேசுவது? "முப்பத்திரண்டு வருஷம் பணத்துக்கு நடுவுல ஒக்காந்தவ நான். ஒத்த நோட்டு கொறஞ்சதில்ல. என்கிட்ட ஒருத்தன் வாலாட்டிப் பாக்கட்டும், அப்புறம் தெரியும்" என்று சிரித்தார். "ஏமாறுறவங்க எல்லாம் யாரு தெரியுமா? தனக்கு எல்லாம் தெரியும்னு நெனைக்கிறவங்கதான். எங்க பிராஞ்சுக்கு வருவாங்களே, நல்லாப் படிச்சவங்க, ஏமாந்துட்டு வந்து நிப்பாங்க. எனக்கு சிரிப்பா வரும்."

ஹெச்.எம். அம்மாவின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. கேஷியரம்மா அதைப் பார்த்தார். கொட்டாவி என்று நினைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சதுக்கம் ஹோட்டலிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது. கல் பாவிய பெரிய வெளி. நடுவில் குதிரைமேல் யாரோ ஒரு ராஜா. அவர் தலையில் புறாக்கள். சுற்றுலா வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக நின்று ராஜாவை விட்டுவிட்டுத் தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு கடைக்கண்ணாடிக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு கைக்குழந்தைத் தொப்பி தெரிந்தது. கேஷியரம்மா அதை நோக்கிப் பாதி தூரம் போயிருப்பார்.

தொப்பையும் வரைபடமுமாக ஒரு சுற்றுலாப் பயணி குறுக்கே வந்து, ரயில் நிலையத்துக்கு வழி கேட்டான். தெரியாது என்று சொல்லி முடிப்பதற்குள் கருப்பு ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் வந்து நின்றார்கள். தோல் உறையைத் திறந்து அடையாள அட்டையைக் காட்டினார்கள். போலீஸ். இந்தப் பகுதியில் கள்ளநோட்டு புழங்குகிறது, சுற்றுலா வருகிறவர்கள் தலையில்தான் கட்டுகிறார்கள், அதனால் சோதிக்கிறோம் என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னார்கள். தொப்பைக்காரன் மறுபேச்சில்லாமல் பர்ஸை நீட்டினான். உயரமானவன் அதிலிருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தான். தொப்பைக்காரன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். பிறகு கேஷியரம்மாவின் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். வாங்கிப் பார்த்தார்கள். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுக்கிற வரைக்கும் காத்திருந்தார்கள்.

இவ்வளவு நடந்தபோதும் கேஷியரம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்கலாம். சந்தேகம் வந்தது. ஆனால் அது போலீஸ்காரர்கள்மேல் வரவில்லை, அவர்களுடைய வேலைத்திறன்மேல் வந்தது. கள்ளநோட்டைத் தேய்த்தா பார்ப்பார்கள்? வெளிச்சத்தில் பிடிக்க வேண்டாமா? நடுவில் ஓடுகிற இழையைப் பார்க்க வேண்டாமா? இந்த லட்சணத்தில் சோதித்தால் ஊர் முழுக்கக் கள்ளநோட்டு ஓடாமல் என்ன செய்யும்?

அவருக்குப் பொறுக்கவில்லை. "இப்படி இல்லை, நான் ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர், எப்படிப் பார்ப்பது என்று நான் காட்டுகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். உயரமானவனின் முகம் மலர்ந்ததே, அதை அவர் சாகிற வரைக்கும் மறக்கமாட்டார். அப்படியா மேடம், சொல்லிக் கொடுங்கள் என்றான்.

பையிலிருந்து இரண்டு பெரிய நோட்டுகளை எடுத்தார். வங்கியில் ஒரு பழக்கம் உண்டு. நோட்டைக் கையில் எடுக்கும்போது சொந்தப் பை உடம்பில் இருக்கக் கூடாது. கேஷியர் கேபினுக்குள் நுழைகிறவர் கைப்பையை வெளியே அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் நுழையவேண்டும். நாளைக்கு ஒரு நோட்டு குறைந்தால் யார்மேலும் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக வைத்த ஒழுங்கு. முப்பத்திரண்டு வருஷம் ஒருநாள்கூட அவர் அதை மீறியதில்லை. இப்போதும் நோட்டு கையில் ஏறியதும் தோள் தானாக இறங்கியது. பையைக் கழற்றி, குள்ளமானவனிடம் அவரே நீட்டினார்.

"ஒரு நிமிஷம் இதைப் பிடியுங்கள்."

பிறகு இரண்டு கைகளாலும் நோட்டை வானத்தைப் பார்க்கத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாடம் எடுத்தார். இதோ இந்த இழை அறுபடாமல் ஓடவேண்டும். இதோ இந்த வெற்றிடத்தில் முகம் தெரியவேண்டும். விளிம்பில் விரலை ஓட்டினால் நெருடவேண்டும். அடுத்த நோட்டையும் தூக்கினார். உயரமானவன் "ஆஹா", "அப்படியா" என்று சொல்லிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரத்துக்குக் கேட்டது.

கையை இறக்கியபோது எதிரில் புறாக்கள்தான் இருந்தன. ஜாக்கெட்டுகள் இரண்டும் இல்லை, தொப்பைக்காரனும் இல்லை. கையில் இரண்டு நல்ல நோட்டுகள் இருந்தன. பை இல்லை. பாஸ்போர்ட் இல்லை.

கத்தினார். தமிழில்தான் கத்தினார். துணிக்கடைக்காரப் பெண் ஓடி வந்து, அவரை உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த நிஜமான காவல் நிலையத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். போன் நல்லவேளையாக ஸ்வெட்டர் பாக்கெட்டில் இருந்தது. காவல் நிலைய வாசலில் நின்று ஹெச்.எம். அம்மாவைக் கூப்பிட்டார். மூன்று முறை தப்பான இடத்தில் அழுத்தினார்.

"சம்பந்தியம்மா, என் பை போச்சு. போலீஸ்னு சொன்னவனுங்க கையில நானே தூக்கிக் குடுத்துட்டேன். பாஸ்போர்ட் போச்சு. போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கறேன். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கொஞ்சம் வாங்களேன்."

"அந்த ஸ்டேஷனுக்கா?" என்று கேட்டார் ஹெச்.எம். அம்மா.

"ஆமா, சதுக்கத்துக்குப் பின்னாடி."

"எனக்குத் தலைவலி இன்னும் விடல. நீங்க புகாரைக் குடுத்துட்டு வந்துடுங்க. நான் இங்கேருந்து பையனுக்கு விஷயத்தைச் சொல்லிடறேன்."

நாலு தெரு. நடந்து வரமுடியாத தலைவலியா? ஆனாலும் கேஷியரம்மா மனசைத் தேற்றிக்கொண்டார். பாவம், வயசானவர், உடம்பு முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஹெச்.எம். அம்மா அவரைவிட எட்டு மாதம்தான் மூத்தவர்.

மேஜைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரி பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். தொப்பைக்காரனும் அவர்கள் ஆள்தான் என்றாள். ஹோட்டல் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தாள். அறை எண் என்ன என்று கேட்டாள். இருநூற்றுப் பதினான்கு என்றார் கேஷியரம்மா. அவள் புருவத்தைத் தூக்கிவிட்டு, மேஜைமேல் இருந்த ஒரு கோப்பைத் திறந்தாள். காலையில் வந்த பெண்மணியும் அதே அறைதான், உங்களோடு வந்தவரா என்று கேட்டாள். அதே மூன்று பேர், அதே இடம், காலை எட்டு மணி. நாங்கள் ஹோட்டலில் எல்லோரையும் எச்சரிக்கச் சொன்னோமே, அவர் உங்களிடம் சொல்லவில்லையா?

கேஷியரம்மா கோப்பை எட்டிப் பார்த்தார். ஒன்றரைப் பக்கம், இடது ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத ஆங்கிலம். என் பணப்பையையும் கைக்கடிகாரத்தையும் பறிகொடுத்தேன், பயணக் காப்பீட்டுக்காக இந்தப் புகாரின் நகலைத் தரவேண்டுகிறேன். கீழே பச்சை மையில் கையெழுத்து.

பார்த்த கணத்தில் கேஷியரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஏதோ தப்பாகப் படிக்கிறோம் என்று நினைத்து இன்னொரு முறை படித்தார். நோட்டின் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிய கண். பிறகுதான் கோபம் குபுகுபுவென்று ஏறியது. வழி தப்பியதாம். தலைவலியாம். பையை ரூமிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னதும், ஏன் என்று கேட்டதற்குப் போர்வையை மடித்ததும், 'அந்த ஸ்டேஷனுக்கா' என்று கேட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. திருடர்கள் மூன்று பேரையும் அந்த நிமிஷத்தில் அவர் அடியோடு மறந்துவிட்டார். அவர்கள் யாரோ எவரோ. இவர் ஒரே அறையில் கூடத் தங்கியிருப்பவர்.

ஹோட்டலுக்குத் திரும்பும் வழியெல்லாம் என்ன கேட்கவேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தார். அறைக் கதவைத் திறந்தபோது ஹெச்.எம். அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். திரையில் மாப்பிள்ளை. அவன் தோளில் சாய்ந்தபடி, வீங்கிய முகத்தோடு மகள்.

"நான் படிச்சுப் படிச்சு சொன்னேன்பா, பையை ரூம்லயே வெச்சிட்டுப் போங்கன்னு. கேட்டாத்தானே? எனக்கு எல்லாம் தெரியும், என்னை யாரும் ஏமாத்த முடியாதுன்னாங்க. இப்போ பாரு. அவனுங்க கையில பையைத் தூக்கி இவங்களே குடுத்திருக்காங்க, ஸ்டேஷன்லேருந்து போன் பண்ணிச் சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெச்.எம். அம்மா முதலில் கண்ணைத் தாழ்த்தினார்.

"அம்மா..." என்று மகள் திரையிலிருந்து கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "ஏம்மா இப்படிப் பண்ணே? அத்தை சொன்னாங்கல்ல? ஒரு தடவையாவது அடுத்தவங்க சொல்றதைக் கேட்டா என்னம்மா?"

கேஷியரம்மாவின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். ஆனால் நாளை மறுநாள் அறுவை மேஜையில் படுக்கப் போகிற பெண் அவள். ரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவும் தவிர, இந்த மாமியாரோடுதான் அவள் இன்னும் எத்தனையோ வருஷம் உறவாகக் காலம் தள்ளியாகவேண்டும். அம்மா கோபத்தில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். எரியப்போவது மகளுடைய வீடு. இதெல்லாம் ஹெச்.எம். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு தெம்பாகப் பேசினார் என்பது கேஷியரம்மாவுக்குப் புரிந்தபோது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆமாம்மா. சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை தூதரகத்தில் வரிசையில் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி தமிழ் தெரியாதவர், ஆனால் விஷயத்தைத் தெளிவாகவே சொன்னார். அவசரத்துக்கு ஒரு காகிதம் தரலாம், திங்கள்கிழமை கிடைக்கும். ஆனால் அந்தக் காகிதம் சொந்த ஊர் திரும்ப மட்டும்தான் செல்லும். மகள் இருக்கும் நாட்டுக்குப் போக வேண்டுமானால் புதுப் பாஸ்போர்ட் எடுத்து, முதலிலிருந்து விசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். குறைந்தது மூன்று மாதம். "மகளுக்கு நாளைக்குப் பிரசவம்" என்று சொன்னார் கேஷியரம்மா. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வருத்தம் தெரிவித்தார். வேறு என்ன செய்வார், பாவம்.

திரும்பி வந்தபோது ஹெச்.எம். அம்மா பெட்டியோடு கீழே நின்றிருந்தார். டாக்ஸி வந்துவிட்டது.

"நீங்க வேணும்னா ஒரு நாள் இருந்து..." என்று தொடங்கிய கேஷியரம்மா பாதியில் நிறுத்திவிட்டார். எதற்காக இருக்கச் சொல்வது?

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது அவ பக்கத்துல இருக்கணும்ல, சம்பந்தியம்மா. நான் பாத்துக்கறேன். நீங்க கவலைப்படாம இருங்க" என்றார் ஹெச்.எம். அம்மா. குழந்தைக்கான துணிமணி, மகளுக்குப் பிடித்த பொடி வகைகள் எல்லாம் இருந்த கேஷியரம்மாவின் பெரிய பெட்டியையும் அவரே எடுத்துப் போனார். டாக்ஸி வளைவில் திரும்பும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

வரவேற்பு மேஜைப் பையன் என்று சொல்லக்கூடாது, ஐம்பது வயது ஆள், கேஷியரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே ஒரு கோப்பை தேநீர் கொண்டு வந்து வைத்தான். இங்கே வாரத்துக்கு நாலு பேருக்கு இப்படி நடக்கிறது மேடம் என்றான். ஆனால் ஒருத்தரும் தனக்கு நடந்ததாகச் சொல்லமாட்டார்கள். என் நண்பனுக்கு நடந்தது, விமானத்தில் கூட வந்தவருக்கு நடந்தது என்றுதான் சொல்வார்கள். ஊருக்குப் போனதும் இந்த ஊர் எவ்வளவு அழகு என்று படம் போடுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்து அடுத்த ஆள் கிளம்பி வருவான். சொல்லிவிட்டு அவன் சிரித்தான். கேஷியரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தேநீர் மட்டும் சூடாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு வந்தது. பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. திரை முழுக்க வெள்ளைத் துணியும் அதற்குள் ஒரு சிவந்த முகமும். அந்தத் துணியைப் பிடித்திருந்த கைகள் ஹெச்.எம். அம்மாவுடையவை. இடது மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. மருந்து மயக்கத்தில் மகள் கண்ணைச் செருகிச் செருகித் திறந்தாள்.

"கண்ணு முழிச்சதும் அம்மா எங்கன்னுதான் கேட்டா" என்றார் ஹெச்.எம். அம்மா. "நான் இருக்கேன்மான்னு கையைப் புடிச்சுக்கிட்டேன்."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "அம்மா இல்லேன்னா நான் தனியாத் திண்டாடியிருப்பேன் அத்தை" என்றான். நல்ல பையன். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கேஷியரம்மா திரையைத் தடவிக் குழந்தையின் நெற்றி இருந்த இடத்தில் விரலை வைத்தார். கண்ணாடி வழவழவென்று இருந்தது. நோட்டின் விளிம்பில் ஒரு நூல் நெருடினாலே கண்டுபிடிக்கிற விரல் அது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹெச்.எம். அம்மா தனியாகக் கூப்பிட்டார். மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருக்கிறான், மகள் தூங்குகிறாள், குழந்தை தன் மடியில் இருக்கிறது என்றார். அரை மணிக்கு ஒருதரம் பால் குடிக்கிறது, மூக்கு உங்க பக்கத்து ஜாடை என்றார். தாராளமாகத்தான் பேசினார். கேஷியரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்க புகாரை நான் பாத்தேன், சம்பந்தியம்மா. அந்தம்மா கோப்பைத் தொறந்து காட்டினாங்க. வியாழக்கிழமை காலை எட்டு மணி."



"என் பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார் ஹெச்.எம். அம்மா.

மன்னிப்புக் கேட்பார், அழுவார், மழுப்புவார் என்று என்னென்னவோ நினைத்து வைத்திருந்தார் கேஷியரம்மா. முதல் கேள்வியே இதுவாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"சொல்லல. சொல்லவும் மாட்டேன். என் பொண்ணு அங்க வாழணும். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் கதவைத் தொறந்து வெளிய போறேன், நீங்க கட்டில்ல ஒக்காந்திருக்கீங்க. ஒரு வார்த்தை. 'காலையில என்கிட்ட புடுங்கிட்டாங்க'ன்னு ஒரு வார்த்தை. அது ஏன் வாயில வரல?"

ஹெச்.எம். அம்மா பதில் சொன்னபோது அந்தக் குரலில் தலைமையாசிரியை இல்லை.

"வந்துது. வாய் வரைக்கும் வந்துது. அப்போதான் நீங்க சொன்னீங்க, ஏமாந்தவங்களைப் பாத்தா எனக்கு சிரிப்பா வரும்னு. சொல்லியிருந்தா நீங்க சிரிச்சிருப்பீங்க. இல்லேன்னு சொல்லுங்க பாக்கலாம். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும், அப்புறம் அந்தக் குழந்தை வளர்ற வரைக்கும், இந்தக் கதையைத்தான் எல்லாருக்கும் சொல்லியிருப்பீங்க."

கேஷியரம்மா யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை. சிரித்திருப்பார்தான். விமானத்தில் ஏறியதும் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லியிருப்பார். இயந்திரத்தை ரிப்பேருக்கு அனுப்பிய கதைக்கு அடுத்த கதையாக அது காலமெல்லாம் ஓடியிருக்கும்.

"சிரிச்சிருப்பேன்" என்றார். "நல்லாவே சிரிச்சிருப்பேன். சிரிச்சுட்டு, பையை ரூம்ல வெச்சிட்டுப் போயிருப்பேன். இப்போ அவ என் மடியில இருந்திருப்பா."